முதுகுக்குப் பின்னால் நாற்பது அடி

ஆரங்காட்டுவலசில் வருசத்தில் ஒருநாள், ஆடிப்பதினெட்டுக்கு மட்டும்தான் தறிகள் நிற்கும். மற்ற நாளெல்லாம் அறுநூறு விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டே இருக்கும், அந்தத் தடதடப்பில்தான் ஊரில் பிள்ளைகள் பிறக்கும், பால் பொங்கும், பஞ்சாயத்து நடக்கும், பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதமா என்று கத்திக் கேட்பார்கள், பெண் வெட்கப்பட்டுக்கொண்டே சம்மதம் என்று கத்திச் சொல்லுவாள். அப்படித் தறிகள் நின்றிருந்த ஒரு ஆடிப்பதினெட்டன்று, ஊரெல்லாம் காவிரிக்குக் குளிக்கப் போயிருந்த முற்பகலில், கல்யாண மண்டபத்தின் நட்டநடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வேலாத்தாளை உட்காரவைத்து அவளுடைய காதுகளை அளந்து எடுத்தான் கௌரிசங்கர்.

வேலாத்தாளுக்கு நாற்பத்தாறு வயது. அர்த்தநாரியின் பட்டறையில் தறி ஓட்டினாள். இருபத்துநாலு தறிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுப்பாதையில் நின்றபடி, தலையைக்கூடத் திருப்பாமல், "பதினேழாந் தறியில இழை அந்துபோகப் போகுது" என்பாள். அறுந்த பிறகு சொல்லுகிறவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அறுவதற்கு முன்னால் சொன்னவள் அவள் ஒருத்திதான். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு விதை போட்டால் முளைக்கிற கை வாய்த்திருக்கிறது, சிலருக்குப் பாம்பு கடித்தாலும் ஏறாத உடம்பு வாய்த்திருக்கிறது, வேலாத்தாளுக்குக் காது என்று இருந்துவிட்டார்கள்.

அவள் புருசன் குழந்தைவேல் அதே பட்டறையில் முப்பது வருசம் தறி ஓட்டியவன். அந்த முப்பது வருசமும் சேர்ந்து அவன் காதுகளைத் தின்றுவிட்டன. பதினோரு வருசமாக அவனுக்கு எதுவும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளுவான், தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று தெரியாமல் பேசுவான். கௌரிசங்கர் அவனுடைய தங்கச்சி மகன், மெட்ராசில் பாட்டுப் பதிவு செய்கிற ஒரு ஸ்டூடியோவில் வேலை, முப்பது வயது, ஆடிப்பதினெட்டு நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தான்.

"இந்த ஹெட்போன்ல ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர்தான் அத்தை, இந்தக் காதுக்கு ஒண்ணு, அந்தக் காதுக்கு ஒண்ணு" என்றான். "ஆனா நமக்கும் காது ரெண்டுதானே? அத வெச்சுத்தானே முன்னாடி, பின்னாடி, மேல, கீழன்னு கண்டுபிடிக்கறோம்? காது மடலோட நெளிவுல பட்டு சத்தம் எப்படி மாறுதுன்னு அளந்துட்டாப் போதும். அந்த அளவப் பாட்டுக்குள்ள போட்டுட்டா சாதா ஹெட்போன்லயே சத்தம் நம்மளச் சுத்தி வரும். சினிமாத் தியேட்டர்ல நாலு சுவத்துலயும் ஸ்பீக்கர் வெச்சிருக்காங்கல்ல, அதுமாதிரி."

"அதுக்கு என்ற காது எதுக்குக் கண்ணு?"

"நல்ல காதா இருந்தாத்தான் பாட்டு நல்லா வரும். உங்களத் தவிர யாரு இருக்கா?"

பட்டாணி அளவு மைக் இரண்டை அவள் காதுகளுக்குள் வைத்தான். கையடக்கமான ஒரு ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தான், அடிக்கு ஒருதரம் நின்றான், நின்ற இடத்திலெல்லாம் ஸ்பீக்கர் கீச்சென்று ஒருமுறை கத்தியது. ஸ்டூலில் ஏறி நின்று தலைக்கு மேலே கத்தவிட்டான், தரையில் படுத்து காலடியில் கத்தவிட்டான். வெயில் மண்டபத்தின் வாசலிலிருந்து நகர்ந்து மேடைக்கு ஏறுகிற வரை இது நடந்தது.

"எல்லா இடத்துலயும் எடுத்துட்டேன் அத்தை" என்றான் கடைசியில்.

"எடுத்துட்டேன்னு சொல்லாத. அளந்துட்டேன்னு சொல்லு" என்றாள் வேலாத்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் பதிவு செய்து வைத்திருந்தது ஒரு கும்மிப் பாட்டு. எட்டுப் பெண்கள், ஒவ்வொருத்தியும் தனித்தனி நாளில் தனித்தனியாக வந்து பாடிவிட்டுப் போனது. அந்த எட்டுக் குரல்களையும் வேலாத்தாளின் காதளவை வைத்து வட்டமாக நிறுத்தினான், வட்டத்தைச் சுற்றவிட்டான். கேட்கிறவன் கும்மிக்கு நடுவில் நிற்பான், முளைப்பாரி வைக்கிற இடத்தில். பாட்டு பதினோரு நிமிசம்.

முதலில் ஹெட்போனை எடுத்து மாட்டியது குழந்தைவேல். விளையாட்டுக்குத்தான் மாட்டினான், செவிடன் ஹெட்போன் மாட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று. மாட்டியவன் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான்.

"ஏம்புள்ள, என்ற பின்னாடி யாரு?" என்று கத்தினான்.

யாரும் இல்லை. மறுபடி திரும்பினான், வட்டமும் அவனோடு திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "சின்னத் தொண்டைக்காரி ஒருத்தி இடது பக்கத்துல வாரா. இப்ப முதுகுப் பக்கம் போயிட்டா. இன்னொருத்தி மூக்கால பாடறா. கைதட்டறது கேக்குது வேலாத்தா, வளையல் சத்தம்கூடக் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாட்டு முடிந்ததும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். வேறு எந்தப் பாட்டும் அவனுக்குக் கேட்கவில்லை, எந்த மனுசக் குரலும் கேட்கவில்லை, அந்த ஒரு பாட்டு மட்டும் கேட்டது. இருபத்துமூன்று வருசம் கூடவே குடித்தனம் நடத்திய காதல்லவா, அந்தக் காது வழியாக வருவது அவனுக்குக் கேட்காமல் எப்படியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கௌரிசங்கர் மெட்ராசுக்குப் போவதற்கு முன்பே பாட்டு முப்பது போனுக்குப் போய்விட்டது, ஆடி முடிவதற்குள் ஊரில் பாட்டு இல்லாத போன் இல்லை. தறி ஓட்டுகிறவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள், சோறாக்குகிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள், சந்தையில் தக்காளி நிறுக்கிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தடதடப்பு போன இடம் தெரியாமல் போய், ஒவ்வொருவரும் தனக்கென்று எட்டுப் பெண்கள் கும்மியடிக்கிற ஒரு முற்றத்தின் நடுவில் நின்றபடி வேலை செய்தார்கள். புருசன் பெண்டாட்டிச் சண்டைகூடக் குறைந்தது. கேட்டால்தானே சண்டை.

அதே நாட்களில்தான் வேலாத்தாளிடமிருந்து திசைகள் போகத் தொடங்கின. முதலில் பின்பக்கம் போனது. முதுகுக்குப் பின்னால் வந்த சைக்கிள் மணி எங்கேயிருந்து அடிக்கிறதென்று தெரியாமல் நடுரோட்டில் நின்றாள். பாட்டு நூறு போனைத் தாண்டியபோது இடது பக்கம் போனது, பிறகு வலது பக்கம் போனது, ஊரெல்லாம் பரவி முடித்த அன்று எதிரில் நின்று பேசுகிறவர்களின் குரலும் அவர்களிடமிருந்து கழன்று அவள் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாம் கேட்டது, முன்னைவிடத் துல்லியமாகவே கேட்டது. எதுவும் எங்கேயிருந்தும் வரவில்லை. இருபத்துநாலு தறிகளும் அவள் இரண்டு புருவங்களுக்கு நடுவில் ஓடின. இழை அறப்போகிற சத்தம் கேட்கும், எந்தத் தறியில் என்று கேட்டால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள்.

"உக்காந்து தார் சுத்து அம்மிணி" என்றார் அர்த்தநாரி. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அது, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது. அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அவரும் அவள் காதை நம்பித்தான் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார்.

பாட்டுக்குள் இருந்த இன்னொன்றை முதலில் கேட்டவர் அர்த்தநாரிதான். அறுபது வயதுக்காரர், எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்கமாட்டார், படியேறினால் படியை எண்ணுவார், மழை பெய்தால் இடியை எண்ணுவார். ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கும்மி வட்டத்துக்கு வெளியில ஒண்ணு இருக்குது. பின்னாடி. நாப்பது அடி இருக்கும்."

மற்றவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். இருந்தது. பாடுகிற பெண்களுக்கு அந்தப் பக்கம், சரியாக முதுகுக்குப் பின்னால், தாழ்ந்த சத்தத்தில் ஒன்று. மறுநாள் முப்பத்தொன்பது அடியில் இருந்தது. குழந்தைவேலின் தங்கச்சி வீட்டிலிருந்து மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். கௌரிசங்கர் தன்னிடமிருந்த பாட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நான் போட்டதுல அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றான். நாலாவது தடவை ஓட்டியவன் பேச்சை நிறுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டான், பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை, தன்னிடமிருந்த பாட்டை அன்றைக்கே அழித்துவிட்டதாக அம்மாவுக்கு மட்டும் சேதி அனுப்பினான்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. 'பின்னால வர்றது' என்று பேர் வைத்தார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சுகளையெல்லாம் சுவரோடு ஒட்டிப் போட்டார், முதுகு சுவரில் பட்டால் ஆட்கள் நிம்மதியாகக் குடித்தார்கள். முடிவெட்டுகிறவர் நாற்காலியைத் திருப்பி வைத்தார், கண்ணாடி பின்னால் போய்விட்டது, யாரும் தன் முகத்தைப் பார்க்கவேண்டுமென்று கேட்கவில்லை, முதுகுக்குச் சுவர் இருந்தால் போதுமென்றார்கள். புது மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்பதற்கென்று தாய்மாமன் முறையில் ஒருத்தர் நியமிக்கப்பட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள், பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். கரூருக்கு ஒரு குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒறம்பரையாகப் போய்த் தங்கிப் பார்த்தது, அங்கேயும் அதே தூரத்தில் இருக்கிறதென்று நாலாம் நாள் திரும்பி வந்தது. அர்த்தநாரி தினமும் காலையில் கேட்டுவிட்டுப் பட்டறைச் சுவரில் சாக்பீசால் எழுதிப்போட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல, "இன்னைக்கு எத்தனைங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள், வந்தார்கள். "முப்பத்தொண்ணு." "இருபத்தெட்டு." "இருபத்தஞ்சரைன்னு எழுதியிருக்காரு, எனக்கென்னவோ இருபத்தஞ்சுதான்."

அது என்ன சத்தம் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கதவு மாதிரி என்றார்கள், மாட்டுவண்டி மாதிரி என்றார்கள், பல்லைக் கடிக்கிற மாதிரி என்றாள் ஒருத்தி. சத்தத்தைப் பிரித்து இன்னதென்று சொல்லக்கூடியவள் ஊரில் ஒருத்திதான், அவளுக்கு அந்தப் பாட்டைப் போட்டால் எட்டுப் பெண்களும் நெற்றிக்குள் நெரிந்துகொண்டு பாடினார்களே தவிர, அதற்கு வெளியே எதுவும் இல்லை. வெளியே என்று ஒன்று அவளுக்கு இருந்தால்தானே.

குழந்தைவேல்தான் அந்தச் சத்தத்தைச் சரியாகச் செய்துகாட்டினான். பதினோரு வருசத்துக்குப் பிறகு கேட்கிறவன் ஒரு சத்தத்தையும் சும்மா விடமாட்டான். அடுப்படியில் அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, அடித்தொண்டையிலிருந்து மெதுவாக ஒன்றை இழுத்தான், இழுத்து இழுத்து மெல்லியதாக்கி, ஒரு துளி நடுங்கவிட்டு நிறுத்தினான்.

வேலாத்தாளின் கை புளித்தண்ணிக்குள் அப்படியே நின்றது.

"இன்னொருக்காச் செய்ங்க."

செய்தான்.

"இழைதாங்க. அந்துபோகப் போற இழை" என்றாள் அவன் முகத்துக்கு நேராக. "ஆனா நூல் இல்ல. இரும்பு. இரும்புக்கம்பி ஒவ்வொண்ணா முறுக்கு விடறது."

"எங்க?"

"அதத்தாங்க நான் கேக்கறேன். எந்தப் பக்கம்?"

"பின்னாடி."

"திரும்பிப் பாருங்க."

"திரும்புனா அதுவும் கூடவே திரும்புது புள்ள."

அவள் புரிந்துகொண்டாள். ஊருக்கெல்லாம் அவள் காது போயிருக்கிறது, அவள் தலை போகவில்லை. காதை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பித் தேடினால்தான் சத்தம் எங்கே இருக்கிறதென்று பிடிபடும். அதற்குக் காது அவளிடம் திரும்பி வரவேண்டும்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வேலாத்தாள் எழுந்து நின்று சொன்னாள்: "பாட்ட எல்லாரும் அழிச்சிருங்க. என்ற காது என்னைத் தேடி வரட்டும். என்ன, எங்கன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

கூட்டம் அர்த்தநாரியைப் பார்த்தது. அவர் யோசித்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "கேக்காம இருந்தா அது எங்க வந்திருக்குதுன்னு எப்படித் தெரியும் அம்மிணி? இன்னைக்குப் பதினாலு. இது தெரிஞ்சுதானே உக்காந்திருக்கறோம்? தெரியாமப் போயிருச்சுன்னா?"

ஊர் அவர் பக்கம் தலையாட்டியது. குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். பாட்டு போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சுமென்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், வீட்டுக்கு வருகிற வழியில் இருவரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

பன்னிரண்டாவது அடியில் அது கும்மி வட்டத்தைத் தொட்டது. அன்றைக்குச் சின்னத் தொண்டைக்காரி பாதிப் பாட்டில் நின்றுபோனாள். மறுநாள் மூக்கால் பாடுகிறவள் இல்லை. அதற்கடுத்த நாள் கைதட்டு குறைந்தது. எட்டுப் பேர் ஐந்து பேரானார்கள், மூன்று பேரானார்கள், அந்த மூன்று பேரும் முன்பக்கமாக நெருங்கி வந்து, கேட்கிறவனை ஒட்டி நின்றுகொண்டு, பயந்த குரலில் பாடினார்கள். ஆறாவது அடியில் ஊர் தாங்கவில்லை. புதன்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்து, யாரும் சொல்லாமலே ஆளாளுக்குப் போனை எடுத்துப் பாட்டை அழித்தார்கள். அர்த்தநாரியும் போனை எடுத்தார், கட்டைவிரலால் அழுத்தினார், வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

மைதானத்து ஓரத்தில் நின்றிருந்த வேலாத்தாளுக்கு எதிரிலிருந்த வேப்பமரம் முதலில் சலசலத்தது, எதிரிலேயே சலசலத்தது. பிறகு வலது பக்கம் ஒரு குழந்தை இருமியது. இடது பக்கம் ஒரு கொலுசு. அவள் நின்ற இடத்திலேயே தள்ளாடினாள்.

பின்பக்கம் மட்டும் வரவில்லை. அது யாரிடம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தாள். குழந்தைவேல் கட்டிலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஒருக்காக் கேட்டுக்கறேன் புள்ள" என்றான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். பதினோரு நிமிசமும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, போனோடு சேர்த்து அவள் கையில் வைத்தான்.

"எடுத்துரு."

அவளே அழுத்தினாள். பின்வாசலில் கோழி சீய்க்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் திறந்துகொண்டது. ஆனால் முழுசாக இல்லை. சரியாக நடு முதுகுக்கு நேரே, ஒரு கை அகலத்துக்கு, ஒன்றும் வரவில்லை. வெட்டியெடுத்ததுபோல ஒரு பள்ளம்.

இவர் ஒரு நகல் எங்கேயோ வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. பதினோரு வருசம் ஒன்றுமில்லாமல் இருந்த மனுசன், ஒரு கை அகலத்தை வைத்துக்கொண்டு போகட்டும், அதனால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று எழுந்து சோறு போட்டாள்.

வியாழக்கிழமை காலை அறுநூறு தறிகளையும் நிறுத்தினார்கள். வேலாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள், நாலடிக்கு ஒருதரம் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள், ஊர் வாயைப் பொத்திக்கொண்டு தூரத்தில் தொடர்ந்து வந்தது. பிள்ளையார் கோயிலைத் தாண்டினாள், ரேசன் கடையைத் தாண்டினாள், அர்த்தநாரியின் பட்டறைக்குப் பக்கத்துச் சந்தைத் தெருவுக்குள் நுழைந்ததும் அவளுக்கு வேர்த்தது. தெருவின் நடுவில் எட்டுத் தூண்களில் நின்றது ஊர்த் தண்ணீர்த் தொட்டி, அறுபது அடி உயரம், அதன் நிழலில்தான் செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடும். முப்பது வருசமாக அறுநூறு தறிகளும் தரையைக் குலுக்கிய குலுக்கலெல்லாம் அந்தத் தூண்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தூணில் காதை வைத்தாள்.

"இங்கதான். இன்னும் அஞ்சு நாளு."

பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், வெளியில் விரிசல் எதுவும் தெரியவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றார், பதில் வருகிற வரைக்கும் தெருவைக் கயிறு கட்டி அடைக்கச் சொன்னார். தண்ணீரை இறக்கிவிட ஊர் சம்மதிக்கவில்லை, குடிப்பதற்கு வேறு தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் கயிற்றுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சனிக்கிழமை கொஞ்சம் பேர் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தறிகள் ஓடத் தொடங்கின. திங்கட்கிழமை, கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து போனார்கள். பாட்டை அழித்த பிறகு பின்னால் வருவது யாருக்கும் கேட்கவில்லை, கேட்காததை எத்தனை நாளைக்குத்தான் நம்புவது?

அந்த நாட்களில் குழந்தைவேல் வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு கை அகலத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுவாள். ஒருதடவை அவனுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினாள். அவன் அசையவில்லை. நல்லா நடிக்கறாரு என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

செவ்வாய்க்கிழமை சந்தை. விடிந்ததும் வேலாத்தாள் தெருவின் வடக்கு முனையில் கயிற்றுக்கு முன்னால் நின்றுகொண்டாள், தெற்கு முனையில் குழந்தைவேல் நின்றான். வண்டிகளைப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குத் திருப்பிவிட்டார்கள். திட்டு வாங்கினார்கள். ஒரு வெங்காயக்காரி, "தொட்டி உங்க அப்பன் ஊட்டுதா?" என்று வேலாத்தாளின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். வேலாத்தாள் நகரவில்லை. பின்னால் உயரத்தில், வலது தோளுக்கு மேலே, இரும்பு மெலிந்துகொண்டே வந்தது அவளுக்குக் கேட்டது. பத்து மணிக்குத் தறி நாடாவின் நூல் கனத்துக்கு இருந்தது. பதினோரு மணிக்குத் தலைமுடி கனத்துக்கு வந்தது.

அர்த்தநாரி பட்டறையின் பக்கவாசலைத் திறந்துகொண்டு தெருவுக்குள் வந்தார். அந்த வாசல் கயிற்றுக்கு உள்ளே இருந்தது. வேலாத்தாள் வடக்கே பார்த்து நின்றாள், அவர் அவளுடைய நடு முதுகுக்கு நேரே நடந்து வந்தார். காதில் ஹெட்போன் இருந்தது, அழிக்காத பாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தைவேல் தற்செயலாகத் திரும்பியவன் அதைப் பார்த்தான். அர்த்தநாரியின் முகம் அவன் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் அவன் பார்த்ததே இல்லை. அர்த்தநாரி கையைத் தூக்கி முன்பக்கமாக, தொட்டியைச் சுட்டிக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். உதட்டைப் படிக்கிறவனுக்குத் தப்பாது.

"தாண்டிப் போயிருச்சு. இப்ப முன்னாடி போகுது."

நாற்பது நாள் எண்ணி முடித்தவர் அவர். முதுகுக்குப் பின்னாலிருந்தது முன்னால் போய்விட்டது, இனி பயமில்லை. கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டவர்போல, அந்தச் சத்தத்தின் பின்னாலேயே தூண்களுக்கு நடுவில் போனார்.

"வேலாத்தா!" என்று கத்தினான் குழந்தைவேல். "பின்னாடி! வேலாத்தா, பின்னாடி பாரு!" உயிரைக் கொடுத்துக் கத்தினான், கத்திக்கொண்டே ஓடினான். தெரு முழுவதும் அந்தக் குரல் போனது, வெங்காயக்காரிக்குக் கேட்டது, மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. வடக்கு முனையில் நின்றவள் மட்டும் திரும்பவில்லை, வண்டிக்காரனுக்குக் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொட்டி இடிந்து விழவில்லை, உட்கார்ந்தது. எட்டுத் தூண்களும் ஒரே நேரத்தில் மண்டியிட்டதுபோல மடங்க, தண்ணீர் ஒரு மூச்சுக்கு அந்தரத்தில் வட்டமாக நின்று, பிறகு தெருவெல்லாம் இறங்கியது.

வேலாத்தாள் கயிற்றோடு விழுந்து கிடந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. எழுந்திருக்கக் கையூன்றினபோது, நடு முதுகுக்கு நேரே இருந்த அந்த ஒரு கை அகலம் திறந்துகொண்டது. அதன் வழியாக முதலில் வந்தது ஒரு குரல், கட்டுப்பாடில்லாமல், தன் உயரம் தனக்கே தெரியாத ஒரு குரல்: "பின்னாடி, வேலாத்தா, பின்னாடி."

அவள் தேடவில்லை. சரியாக அவன் இருக்கிற பக்கம் திரும்பினாள். குழந்தைவேல் புழுதியும் தண்ணீருமாக, கான்கிரீட் குவியலுக்கு அந்தப் பக்கம், வெறுங்கையால் எதையோ தோண்டியபடி கத்திக்கொண்டிருந்தான். அவள் குவியலைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவனிடம் போனாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மொதலாளி உள்ள இருக்காரு" என்றான். "நான் எத்தனை கூப்பாடு போட்டேன்! உனக்குக் கேக்கவே இல்லையா புள்ள?"

அவனுடைய காதுகளைப் பார்த்தாள். ஆறு நாளாக, வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு, நகலும் இல்லாமல், ஒன்றுமே இல்லாமல் அவன் உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். ஈரக் கையால் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அவனுக்கு விளங்கும்படி உதட்டைப் பிரித்துச் சொன்னாள்:

"இப்பத்தாங்க கேட்டுது."

பிறகு அவளும் குனிந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கற்களைப் புரட்டத் தொடங்கினாள்.